படூரில் எனக்கொரு கண்ணாடி அறை

இங்கிலாந்தில் வெயில் அடித்தால் ஜனங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலுக்குள் ஓடுகிறார்கள். நாம் எங்கே ஒதுங்கலாம் என்று பார்ப்போம். இவர்கள் எங்கே காயலாம் என்று அலைகிறார்கள். அதற்காகவே வீட்டின் பின்புறம் கண்ணாடியால் ஓர் அறையை ஒட்டிக்கொள்கிறார்கள். பெயர் கன்சர்வேட்டரி. நானும் ஒன்று வாங்கினேன். விற்க வந்தவர், "தெற்குப் பார்த்து வைக்கலாம், நாள் முழுக்க வெயில் வரும்" என்றார். "ஐயோ, அப்படியென்றால் வேறு பக்கம் வையுங்கள்" என்றேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தெற்கிலேயே வைத்துவிட்டார். வாங்க நினைப்பவர்கள் என்னைப்போல் வாயைக் கொடுக்காமல் அவர் பேச்சைக் கேளுங்கள். அஸ்திவாரத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். கூரையில் திறக்கிற ஜன்னல் கேளுங்கள். மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதை முதல் நாளே காட்டச் சொல்லுங்கள்.

ஜனவரிக் குளிரில் அந்த அறையில் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. நாங்கள் படாளத்துக்காரர்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்த காலத்தில் படூரில் ஒரு வீடு கட்டினோம். அக்கா அதில் இருக்கிறாள். விடுமுறைக்குப் போனால் எனக்கு ஹாலில் பாய். பெட்டி சோபாவுக்குப் பின்னால். சொந்த வீட்டில் விருந்தாளியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கென்று ஓர் அறை வேண்டும், அதுவும் இதே மாதிரி வேண்டும். கேளம்பாக்கத்தில் அலுமினிய வேலை செய்யும் ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

"அண்ணாத்த, சைடுல கண்ணாடி போடு, மேல வாணாம். வெந்துபூடுவ."

"நான் இங்க நாலு வருஷமா அதுக்குள்ளதான் குந்திகினு கீறேன். எனக்குத் தெரியாதா?"

"அங்க சரி. இங்க வெயிலு கீதே!"

நான் அசையவில்லை. கூரையும் கண்ணாடிதான் என்றேன். கட்டி முடித்த பிறகு போனில் கேட்கும்போதெல்லாம் அக்கா, "சூப்பரா கீதுடா" என்பாள்.

மே மாதம் போய்க் கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அறைந்தது. தரை முழுக்கப் பழைய புடவைகள். அவற்றின் மேல் கூழ் வத்தல், மோர் மிளகாய், கொத்தவரங்காய். முறங்களின் மேல் சாக்பீஸால் அக்கம்பக்கத்துப் பெண்களின் பெயர்கள்.

"இன்னாக்கா இது? என் ரூமு!"

"கோச்சிக்காதடா. நீயே குந்திப் பாரேன்."

வீம்புக்கு உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் சட்டை தொப்பலாகிவிட்டது. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "காக்கா இல்ல, மண்ணு இல்ல, ஒரே நாள்ல காயுது. தெருவே உன்ன வாழ்த்துது" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கண்ணாடிக் கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போடச் சொல்லி ஏழுமலையை வரவழைத்தேன். அவர் டேப்பை நீட்டி அளந்தார்.

"பிரிச்சுடலாம். நீ எத்தினி நாளு இருப்ப?"

"ரெண்டு வாரம்."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா குனிந்து வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். மீதி ஐம்பது வாரமும் அவள்தான் இங்கே இருக்கப்போகிறாள்.

"விட்டுடு, இப்படியே இருக்கட்டும்" என்றேன்.

ஆகவே நண்பர்களே, எங்கே கட்டினாலும் அளவு எடுக்க வருகிறவர் சொல்வதைக் கேளுங்கள். கட்டுவதற்கு முன்னால் அங்கே யார் இருக்கப்போகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இரண்டையும் கேட்கவில்லை.

இன்று இங்கே வெளியே பனி கொட்டுகிறது. அக்கா பெட்டியில் திணித்து அனுப்பிய வத்தலில் ஒரு பிடி பொரித்து எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்கு வந்திருக்கிறேன். இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அறையைத் தின்றுகொண்டிருக்கிறேன்.