குழிக்குள் இறங்கிப் பார்த்தவர்

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, வேலையாகத் தஞ்சாவூர் போயிருந்த என்னைக் கோவிந்தராசு தொலைபேசியில் அழைத்தார். மேலத்தெருவில் மாடி வீடு, ஊருக்கு வெளியே நாலு ஏக்கர் நஞ்சை, சிங்கப்பூரில் மகன் என்று இருப்பவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "இன்ஜினியரம்மா போயிட்டாங்க சார். மதியம் சாப்பிட்டுப் படுத்தவங்க எந்திரிக்கல" என்றார். அவர் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. "இங்க நல்ல மழை. நம்ம குழி நல்லா குடிக்குது. சாயங்காலம் போன் பண்ணி அவங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சிருந்தேன்" என்றார்.

மங்கையர்க்கரசி எங்கள் நகராட்சியில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலரது வீட்டு வாசலில் அவர் குடையோடு நின்றிருப்பார். வெயில் நாளில் அவர் யார் வீட்டுக்கும் ஆய்வுக்கு வந்ததில்லை. மழை வலுத்ததும் ஆபீசிலிருந்து கிளம்புவார். உங்கள் மொட்டைமாடித் தண்ணீர் எந்தக் குழாயில் இறங்கி, எந்தப் பக்கம் ஓடி, யார் வாசலில் போய் நிற்கிறது என்று அதன் பின்னாலேயே நடப்பார். "கேட்டா எல்லாரும் எங்க வீட்டுத் தண்ணி எங்கேயும் போகலைன்னுதான் சொல்வாங்க. தண்ணிகிட்டயே கேட்டுட்டா வேலை சுலபம்" என்பார்.

அந்தத் தண்ணீர் எல்லாம் பள்ளத்தெருவில் போய் நின்றது. தஞ்சாவூருக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் சிறிய ஊரில் மேடு பள்ளம் என்பது இரண்டு மூன்று அடிதான். ஆனால் தண்ணீருக்கு அது போதும். மேலத்தெருவில் வாசல் முழுக்க சிமெண்ட் போட்ட வீடுகள் பெருகப் பெருக, பள்ளத்தெருவில் ஐப்பசி தோறும் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. அங்கே தையல் கடை வைத்திருக்கும் செல்வி, தீபாவளிக்கு முந்தைய வாரம், துணிகள் குவிந்து கிடக்கும் நேரத்தில், மெஷினைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டுக் கடையைச் சாத்திவிடுவார். அவருக்கு ஆண்டின் பாதி வருமானம் அந்த ஒரு வாரத்தில்தான். மங்கையர்க்கரசியும் அவரிடம்தான் தைப்பார். தீபாவளி ஜாக்கெட்டைப் பொங்கலுக்கு வாங்கிக்கொண்டு போவதை வழக்கமாக வைத்திருந்தார்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் பாடுபட்டு நகர்மன்றத்தில் ஒப்புதல் வாங்கியதுதான் பாதிப் பங்குத் திட்டம். வீட்டுக்காரர் தம் மனைக்குள் மழைநீர் இறங்கும் குழி வெட்டினால் செலவில் பாதியை நகராட்சி தரும். வாசல் சிமெண்டைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிட்டால் அதற்கும் பாதி. ஏன் முழுதாகக் கொடுக்கக்கூடாது என்று நாளிதழ் நிருபரான நான் கேட்டேன். "முழுசா குடுத்தா அது நகராட்சிக் குழி சார். அடைச்சுக்கிட்டா மனு எழுதிப் போடுவாங்க. பாதி குடுத்தா அது அவங்க குழி. அவங்களே குச்சியை விட்டுக் குத்திக்குவாங்க" என்றார்.

முதலில் யாரும் முன்வரவில்லை. "எங்க வீட்டுல தண்ணி நிக்கலையேம்மா, நான் எதுக்குச் செலவு பண்ணணும்?" என்று கோவிந்தராசு கேட்டபோது நானும் உடன் இருந்தேன்.

"உங்க வயலுக்கு மேல் வயக்காரர், ஐப்பசி மழையில தன் வரப்பை வெட்டி, தண்ணி பூரா உங்க நடவு மேல விட்டா என்ன பண்ணுவீங்க?"

"அருவாளை எடுத்துக்கிட்டுப் போவேன்."

"செல்வி இன்னும் கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டு வரல. அவ்வளவுதான் வித்தியாசம்."

கோவிந்தராசு சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் போட்டதும் மேலத்தெருவில் இன்னும் பத்துப் பேர் போட்டார்கள். எங்கள் ஊரில் மேலே நாலடிக் களிமண், அதன் கீழே பழைய ஆற்று மணல். மணல் வரும்வரை வெட்டி, உடைகல்லையும் கூழாங்கல்லையும் நிரப்ப வேண்டும் என்று மங்கையர்க்கரசி படம் வரைந்து கொடுத்தார். ஆவணியில் பதினொரு குழிகளும் தயார். முதல் மழை பெய்தது. பதினொன்றும் விளிம்புவரை நிரம்பி, அப்படியே நின்றன. ஒரு வாரம் கழித்தும் நின்றன. அவற்றில் கொசுப்புழு நெளிந்தது.

"கொசு வளர்க்க நகராட்சி பாதிப் பங்கு" என்று தலைப்புக் கொடுத்து நான் எழுதினேன். அந்தச் செய்தியில் தெருப் பெயர் சரி, குழிகளின் எண்ணிக்கை சரி, புகார் சொன்னவர்களின் பெயர்கள் சரி. நகர்மன்றத்தில் அதைப் படித்துக் காட்டினார்கள். தீபாவளி மழைவரை பார்ப்பது, அப்போதும் இப்படியே என்றால் திட்டத்தைக் கைவிடுவது என்று முடிவானது.

மறுநாள் காலை மங்கையர்க்கரசியிடமிருந்து அழைப்பு வந்தது. திட்டு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன். "தலைப்பு நல்லா இருக்கு சார். நானே சிரிச்சேன். ஆனா ஒண்ணு கேக்கணும். குழிக்குள்ள இறங்கிப் பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"நானும் பாக்கல. வாங்க, ரெண்டு பேரும் பாப்போம்."

கோவிந்தராசு வீட்டுக் குழியில் இருந்த தண்ணீரை இறைத்து, கல்லை எல்லாம் வாரி வெளியே போட்டார்கள். மங்கையர்க்கரசி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணி வைத்து இறங்கினார். பின்னால் நானும் இறங்கினேன். அடியில் மணலே தெரியவில்லை. ஒரு சாண் கனத்துக்குக் களிமண் போட்டு, மிதித்து, நாற்றங்கால் போல வழவழவென்று மட்டம் தட்டியிருந்தது. ஓரங்களில் குதிகால் தடங்கள் அப்படியே இருந்தன.

அவர் அண்ணாந்து பார்த்துக் கேட்டார். "நாத்து எப்ப விடுறதா உத்தேசம்?"

மேலே நின்ற கோவிந்தராசு அவமானப்படவில்லை. விளக்கம் சொன்னார். "வெட்டிக்கிட்டே வந்தோம், மணல் தெரிஞ்சுதும்மா. விட்டா தண்ணி பூரா உள்ள போயிடுமேன்னு, களிமண்ணைப் போட்டு நல்லா மிதிச்சு..." அந்த இடத்தில் அவரே நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க" என்றார் குழிக்குள் இருந்தவர்.

"அதுக்குத்தான் குழி, இல்லீங்களா?"

மற்ற பத்துப் பேரும் அவர் குழியைப் பார்த்தே வெட்டியிருந்தார்கள். வயலில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கீழே இறங்கிவிடக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் சேறு மிதித்த கால்கள், ஓட்டை தெரிந்ததும் அடைத்துவிட்டன. மங்கையர்க்கரசி அதற்காக யாரையும் கடிந்துகொள்ளவில்லை. "படத்துல எல்லாம் எழுதினேன், களிமண்ணைத் திரும்பப் போடாதீங்கன்னு எழுதல. நானும் பூதலூர்ல சேறு மிதிச்சு வளர்ந்தவதான். தோணியிருக்கணும்" என்றார்.

மீண்டும் வெட்டும் செலவுக்கு நகராட்சியிடம் பங்கு கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கோவிந்தராசு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு பத்து வீட்டுக்கும் தானே போனார். "களிமண் ஒரு கட்டி உள்ள விழுந்தாலும் பொறுக்கி வெளிய போடு. மணல் பளிச்சுன்னு தெரியணும்" என்று அவர் அதட்டியதைக் கேட்டவர்கள், திட்டத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று நினைத்திருப்பார்கள்.

தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு மழை பிடித்தது. மூன்றாம் நாள் பிற்பகல் மங்கையர்க்கரசியும் கோவிந்தராசுவும் நானும் செல்வியின் கடையில் இருந்தோம். மெஷின் கட்டிலுக்கு ஏறுவதா வேண்டாமா என்று செல்வி எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் முதல் படியில் ஏறியது. இரண்டாம் படியில் ஏறியது. பிறகு ஒரு மணி நேரம் அங்கேயே நின்றது. செல்வி கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்துத் தண்ணீருக்கும் நிலைப்படிக்கும் இடையே அளந்தார்.

"ரெண்டு இஞ்ச் இருக்கு மேடம். தையலுக்குள்ள விடுற துணி அளவு."

மங்கையர்க்கரசி வெளியே எட்டிப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "அப்ப என் ஜாக்கெட்டை இன்னிக்கே முடிச்சிடலாமே" என்றார்.

திட்டம் பிழைத்துக்கொண்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் குழிகள் கூடின, தண்ணீர் முதல் படியோடு நின்றது. அந்தத் தீபாவளி முடிந்ததுமே நான் மறுப்புச் செய்தி எழுதினேன். அது போதாது என்றார் அவர். என் வீடும் மேலத்தெருவில்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் எழுதிவிட்டுப் பன்னிரண்டாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். கல் நிரப்புவதற்கு முன் என்னை உள்ளே இறக்கி, மணலைக் கையில் அள்ளிக் காட்டச் சொன்ன பிறகே பாதிப் பங்குக்கான தாளில் ஒப்பமிட்டார்.

புதன்கிழமை காலை அவர் வீட்டில் செல்வியைப் பார்த்தேன். மடியில் ஒரு துணிப்பை. "இந்தத் தீபாவளிக்கு அவங்க குடுத்தது சார். போன வாரமே தச்சு முடிச்சிட்டேன். வந்து வாங்கிக்கிறேன்னாங்க" என்றார். பெண்கள் அதை வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். சற்றுப் பொறுத்து வெளியே வந்த ஒருவர், அளவு சரியாக இருக்கிறது என்று செல்வியிடம் மட்டும் சொன்னார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் செய்தி எழுதியிருக்கிறேன். நான் கேட்ட கேள்விகளில் ஒன்றையும் யாரும் நினைவு வைத்திருக்கப்போவதில்லை. குழியைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி என்னோடு இருக்கிறது. இப்போதும் எதையாவது எழுதி முடித்ததும் அதைக் கேட்டுக்கொள்கிறேன். பாதி நாட்கள் பதில், "இல்லை" என்பதுதான். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். புதன்கிழமை திரும்பி வந்தபோது மழை மறுபடி பிடித்திருந்தது. குடையோடு என் வாசலில் நின்று பார்த்தேன். மாடியிலிருந்து இறங்கிய தண்ணீர் கல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஒன்றும் போகவில்லை. அதைச் சொல்வதற்குக் கோவிந்தராசுவை அழைத்தேன். அவரும் தன் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.