மவுண்ட் வெல்லிங்டனில் ஓர் ஐரிஷ் ஓவியர்

மவுண்ட் வெல்லிங்டன் மலையடிவாரத்தில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. பஸ்ஸுக்காக நிற்கும் நான் போனில் தமிழில் பேசுவதைக் கேட்டு, பக்கத்துப் புல்வெளியிலிருந்து ஒரு பெண் சிரிக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், நர்ஸ். அருகே மடக்கு நாற்காலியில் அமர்ந்து எதிரே தெரியும் மலையைத் தீட்டிக்கொண்டிருப்பவர் அவருடைய அயர்லாந்துக் கணவர்.

"டப்ளினில இவற்ற படங்களுக்கு நல்ல பேர். மழை வெளிச்சத்தைக் கீறுறதில கெட்டிக்காரர் எண்டு சொல்லுவினம்," என்கிறார். "எனக்காகத்தான் இஞ்ச வந்தவர். இந்த ஊர் வெயில் கையில பிடிபடவே கன காலம் எடுத்தது. பிடிபட்ட நேரம் பாத்து ஸ்ட்ரோக் வந்து வலக்கை போயிட்டுது."

"இப்போ இடது கையிலயா வரையறார்?"

"ஓம். வீட்டுக்குள்ள பழகினவர். வெளியில வந்து கீறுறது இண்டைக்குத்தான் முதல்தரம். வீட்டில எதைக் கீறினாலும் 'போதும், நல்லாயிருக்கு' எண்டு விட்டிடுவார். அதுதான் எனக்குப் பயம். முந்தி ஒரு படத்திலயும் திருப்திப்படாத மனுசன்."

ஓவியர் இடது கையால் தூரிகையை மெல்ல இழுக்கிறார். படத்தின் கிட்டப் போனால் சாம்பலும் பச்சையுமாக வெறும் தீற்றல்கள். சற்றுப் பின்னால் நகர்ந்தால் ஈரமான மலை. எனக்கு அழகாகவே இருக்கிறது. அவரோ நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒரு துணியை எடுத்து வானத்தை முழுக்கத் துடைத்துவிடுகிறார். மனைவியிடம் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுக்கிறார்.

"என்ன ஆச்சு?" என்று பதறிக் கேட்கிறேன்.

"வானம் பிழையாம். திரும்பக் கீறப் போறாராம். வெள்ளை பெயின்ட் இன்னும் வேணுமாம்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே காரை நோக்கி ஓடுகிறார்.