கிராணி வீட்டு ஜன்னல்

திரை வளையங்கள் கம்பியில் கிறீச்சென்று ஓடின. ஐரோப்பியக் கிண்ணக் கால்பந்து இறுதியாட்டம் பெனால்டிக்குப் போயிருந்தது. ஈப்போவில் எங்கள் தாமான் குடியிருப்பின் நேப்பாளக் காவலாளி ஜன்னலுக்கு வெளியே நின்று டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஆளு அங்கயே நிக்கிறது ஒரு மாதிரியா இருக்கு லா மா" என்று என் மகன்தான் திரையை இழுத்துவிட்டான்.

அந்தச் சத்தத்தை நான் முதலில் கேட்டது சின்னப் பிள்ளையாக இருந்தபோது.

பத்து காஜா ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வீட்டில் மட்டும்தான் கலர் டிவி. ஐரோப்பாவில் நடக்கும் இறுதியாட்டம் இங்கே விடியற்காலையில் முடியும் நேரத்தில்தான் பால் மரம் வெட்டுகிறவர்கள் பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுக்கக் கிளம்புவார்கள். பள்ளி விடுமுறை என்பதால் அன்று நானும் அப்பாவோடு போனேன். உறைந்த ரப்பர் கட்டிப்பால் நாறும் சட்டையோடு அப்பா அந்த ஜன்னலோரம் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை திடலில் நடக்கும் பந்தாட்டத்தில் அப்பா கோல் போட்டால் முதலில் ஓடிவந்து கட்டிப்பிடிப்பவர் இந்தக் கிராணிதான். "நம்ம ஆளு லா!" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்குக் கேட்கும்படி கத்துவார். அன்று ஜன்னலில் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். உள்ளே கூப்பிடப் போகிறார் என்று நான் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"பெரட்டுக்கு நேரமாச்சு, போ" என்று திரையை இழுத்தார்.

அப்பா குனிந்து என் செருப்பைத் தேடி எடுத்தார். "மாட்டிக்கம்மா, போலாம்."

இப்போது நான் எழுந்துபோய் மகன் இழுத்த திரையை விலக்கினேன். காவலாளி அதற்குள் தாமான் கேட் பக்கம் திரும்பிவிட்டிருந்தார். என் முதுகுக்குப் பின்னால் மகன் துள்ளிக் குதித்தான்.

"அம்மா, நாம ஜெயிச்சிட்டோம் லா!"