நான் படிக்காமல் விட்ட வரி

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஆறேழு வருடம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றி அம்மன் படத்துக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் இது வந்து நிற்கும். இந்த வாரம் எழுதிவிடலாம் என்பேன், எழுந்து போய் அடுப்பு வேலையைப் பார்ப்பேன். எட்டாவது வரை படித்தவளுக்கு எழுத வருமா என்று எனக்கே சாக்கு சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்தான்.

அப்போது ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஆறு வீட்டுக்கு ஒரு குழாய். நாங்கள் நாகரசம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். என் வீட்டுக்காரர் கான்ட்ராக்டரிடம் லோடு ஏற்றும் வேலை செய்தார். பக்கத்து வீட்டுக்காரி என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடப் பள்ளியில் படித்தவள் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவாளே தவிர, ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. அவள் வீட்டுக்காரருக்கும் அதே கதைதான். என்ன காகிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவாள்.

அவள்மேல் எனக்குப் பொறாமை. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவள் வீட்டுக்காரருக்கு சீருடை உண்டு, தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மருத்துவ கார்டு உண்டு. ஒருமுறை குழாயடியில் வழுக்கி அவள் மகளுக்குக் கை முறிந்தது. கண்ணாடிக் கதவு போட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் கார்டைக் காட்டிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கட்டிலுக்கே மூடி போட்ட தட்டில் சாப்பாடு வந்ததாம். அவள் கள்ளமில்லாமல்தான் சொன்னாள். அதே மாதம் என் மகளுக்குக் காய்ச்சல். அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை மடியில் போட்டுக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருந்தேன். நல்ல மருந்துதான் கொடுத்தார்கள், பிள்ளை தேறிவிட்டாள். அம்மனுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. அந்த மூடி போட்ட தட்டுதான் கண்ணிலேயே நின்றது.

என் மகள் ஆறாவதும் அவள் மகள் இரண்டாவதும் ஒரே பள்ளியில் படித்தார்கள். ஒருநாள் தலைமை ஆசிரியை பெற்றோரைக் கூப்பிட்டு அரசு மருத்துவக் காப்பீட்டைப் பற்றிச் சொன்னார். பள்ளியிலேயே முகாம் நடக்கும், ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று கொண்டுவந்து குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டால் அட்டை வரும் என்றார். வராத பெற்றோருக்குப் பிள்ளைகளிடம் நோட்டீஸ் கொடுத்தனுப்பினார். எங்கள் லைனில் படிக்கத் தெரியாதவர்களுக்கு விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு எனக்கு.

சாயங்காலம் அவள் நோட்டீஸோடு வந்தாள். தலை நிறையக் கனகாம்பரம். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பாதியில் அவள் நிறுத்தினாள்.

"கம்பெனி கார்டு இருக்கறவங்களுக்கு என்னான்னு போட்டிருக்குதுக்கா?"

அதற்கான வரி என் கண்ணுக்கு நேராகவே இருந்தது. 'கம்பெனி மருத்துவ அட்டை வைத்திருப்பவர்களும் முகாமுக்கு வந்து விசாரிக்கவும். வேலை நின்றால் அந்த அட்டையும் நின்றுவிடும்.' கூட்டத்திலும் ஆசிரியை இதை இரண்டு முறை சொன்னார்.

"அது இல்லாதவங்களுக்குத்தான் இது," என்றேன்.

"அவுனா, அப்படியா," என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லிச் சிரித்தாள். "அப்ப எனக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சம்."

அவளிடம் இல்லாத ஒரு பொருள் என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் நினைப்பு. அவளுக்குக் கெடுதல் வரும் என்று நினைக்கவில்லை. நினைக்காததும் தப்புதான்.

முகாமன்று ஆசிரியை, உங்கள் பக்கத்து வீடு ஏன் வரவில்லை என்று கேட்டார். அவர்களுக்குக் கம்பெனி இருக்கிறது என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன். அட்டை வந்ததும் மஞ்சள் குங்குமம் வைத்து அம்மன் படத்துக்குக் கீழே வைத்தேன்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் வீட்டுக்காரர் வேலை பார்த்த இடத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நிற்காமல் போனது. துவைத்த சீருடை மூன்று நாளாகக் கொடியிலேயே தொங்கியது. அதைப் பார்த்து என் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி வந்தது. அந்தக் குளிர்ச்சியோடுதான் போய்க் கற்பூரம் ஏற்றினேன்.

அந்தச் சமயத்தில் அவள் மகளுக்குக் காதில் சீழ் வந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் கேட்கும் சக்தி போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கண்ணாடிக் கதவு ஆஸ்பத்திரியில் கார்டை நீட்டியிருக்கிறாள். செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு என் வாசலில் வந்து நின்றாள். தலையில் பூ இல்லை.

"அக்கா, உங்க கார்டுல எங்க பாப்பா பேரையும் சேக்க முடியுமா? ஆபரேஷனுக்கு மட்டும். அப்புறம் எடுத்துடலாம்."

அப்படியெல்லாம் சேர்க்க முடியாது என்றேன். அவள் இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். அதே நோட்டீஸ். நாலாக மடித்துப் பத்திரமாக வைத்திருந்தாள். வேறு வழி ஏதாவது போட்டிருக்கிறதா, இன்னொரு தடவை படித்துச் சொல்லுங்கள் என்றாள்.

அம்மன் படத்தைப் பார்த்தேன். பிறகு படித்தேன். இந்த முறை அந்த வரியையும் சேர்த்துப் படித்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கு இதப் படிக்கலியே."

"படிக்கல."

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். "இல்ல. வேணும்னுதான் விட்டேன்," என்றேன்.

எந்த வரி என்று காட்டச் சொன்னாள். விரல் வைத்துக் காட்டினேன். அவளும் தன் விரலை அங்கே வைத்துப் பார்த்தாள். பிறகு மடித்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் நானே போய்க் கதவைத் தட்டி, வருமானச் சான்றுக்கு எழுதிக் கொடுக்கலாம் வா என்று கூப்பிட்டேன். வந்தாள். கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க மூன்று நாள் நடந்தோம். முகாமில் ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குக் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு முறை பஸ் ஏறினோம். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம், பேசவில்லை. நடுவில் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு என் மடியில் தூங்கினாள்.

அட்டை வந்தது, ஆபரேஷனும் நடந்தது. இப்போது அந்தப் பிள்ளை எட்டாவது முடித்துவிட்டாள். இடது காது கொஞ்சம் மந்தம்தான், வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் செய்திருந்தால் முழுதாகச் சரியாகியிருக்குமா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தையும் அவள் என்னிடம் கொண்டுவந்ததில்லை. மகளின் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது பள்ளியில் காப்பீட்டு முகாம் என்றால் வீடு வீடாகப் போய்ச் சொல்வது அவள்தான். தமிழ் வீட்டில் தமிழ், தெலுங்கு வீட்டில் தெலுங்கு, கன்னட வீட்டில் கன்னடம். கம்பெனிக் கார்டு வைத்திருப்பவர்களிடம் அந்த ஒரு வரியை இரண்டு முறை சொல்கிறாள். என்னைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் யாராவது என் காதுபடப் பேசியிருப்பார்கள்.

அவளைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான். முன்பு அவள் கார்டைப் பார்த்து, இப்போது அவள் மனசைப் பார்த்து. இதையாவது எடுத்துக்கொள் என்று அம்மனிடம் கேட்கிறேன். அம்மன் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படிக்கத் தெரியாத பெற்றோர் யாராவது உங்கள் அருகில் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். என்மேல் இரக்கப்பட்டு ஒரு இடத்தையும் குறைக்க வேண்டாம், கோபப்பட்டுக் கூட்டவும் வேண்டாம். ஒரு வரியை விட்டுப் படித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் எழுதினபடியே சொல்லுங்கள்.