பழைய அனுமதி

சோழவரத்துப் பூமிகாவுக்குக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், தகடு உருட்டும் ஆலை ஒன்றில் வேலை. அங்கே இயந்திரங்களும் கம்ப்யூட்டர்களும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு நம்புவதற்கான விதிகளை வகுப்பது அவள் பொறுப்பு. அதே ஆலையில் ஃபிட்டர், அவளுடைய தாய்மாமன் தேசப்பன். அப்பா இல்லாத அவளைப் படிக்கவைத்தவர் அவர்தான்.

முன்பெல்லாம் பழுதுபார்க்க இயந்திரத்துக்குள் இறங்குகிறவர் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பூமிகாவின் புது முறையில் பூட்டு கிடையாது. தன் அடையாள அட்டையைக் காட்டினால் இயந்திரம் நிற்கும். வெளியே வந்து மறுபடி காட்டினால், அந்த அட்டைக்கே உரிய ரகசியக் கையொப்பத்தோடு ‘ஓடலாம்’ என்ற செய்தி போகும்.

மற்ற ஃபிட்டர்கள் தயங்கினார்கள். தேசப்பன்தான் முதலில் பூட்டை ஒப்படைத்தார்.

“எங்க பூமி எழுதினதுடா. அத்த நம்பாம வேற இன்னாத்த நம்புறது?”

அவள் முதலில் எழுதியதில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு முறையும் இயந்திரம் புதிதாக ஓர் எண்ணை அனுப்பும். அந்த எண்ணையும் சேர்த்துக் கையொப்பம் வந்தால்தான் ஓடும். பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அதற்குத் திணறின. தடவைக்கு நாலு விநாடி தாமதம்.

“அந்தக் கையெழுத்த வேற யாரும் போட முடியாதில்ல? அப்புறம் எதுக்கும்மா நம்பரு?” என்றார் மேலாளர்.

இரண்டு நாள் வாதாடினாள். மூன்றாம் நாள் எண்ணை எடுத்துவிட்டாள்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் வேலை முடித்து வெளியே வந்து ‘ஓடலாம்’ கொடுத்திருந்த தேசப்பன், பதினோரு மணிக்கு அட்டையைக் காட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி இறங்கினார். நெட்வொர்க்கில் ஒரு பெட்டி கோளாறாகி, காலையில் போன ‘ஓடலாம்’ செய்தியை இரண்டாம் தடவை அனுப்பியது. கையொப்பம் அவருடையதுதான்; அது பழையது என்று காட்டிக்கொடுக்க எண் இல்லை. உருளைகள் சுழன்றன.

ஊழியரின் கவனக்குறைவு என்றது ஆலையின் அறிக்கை. பூமிகா பதிவுகளைத் தோண்டினாள். ஒரே செய்தி, ஓர் எழுத்துகூட மாறாமல், இரண்டு முறை. விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தாள்: மாமாமீது தவறில்லை, எண்ணை எடுக்கச் சொன்னவர் மேலாளர், எடுத்தது நான். அந்த வாரமே வேலையை விட்டாள்.

பிறகு மாமாவின் மனைவி கங்கம்மா அத்தையைப் பார்க்கப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

“காலைல சொன்னத, பதினோரு மணிக்குச் சொன்னதா எடுத்துக்கிச்சா?”

“ஆமா அத்தே.”

“அவரு உள்ள இருந்துகினு கீறாருன்னு அதுக்குத் தெரியாதா?”

“தெரியற மாரி நான் எழுதல.”

கங்கம்மா எழுந்தாள். “ஊட்டுக்குப் போம்மா. நீ இப்போதிக்கு இங்க வராத.”

அறிக்கை திருத்தப்பட்டது. எண் திரும்ப வந்தது. எல்லா இயந்திரங்களும் இப்போது நாலு விநாடி காத்திருக்கின்றன. பூமிகாவுக்கு மணவாள நகர்ப் பக்கம் வேறு வேலை கிடைத்தது.

மாமாவின் வருஷ திதிக்கு அம்மா மட்டும் போய்வந்தாள்.

“அத்தே என்னப் பத்திக் கேட்டாங்களாம்மா?”

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“கேக்கல.”