காசியம்மாளைச் சிரித்துக்கொண்டே பார்த்த டாக்டர்கள்

"ஒடம்பப் பாக்க வர்ற டாக்டருங்க ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்க மாட்டேன்றாங்க." காசியம்மாள் தினமும் சொன்ன குறை இதுதான்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் மரவள்ளி போடுகிறவள். மூச்சு வாங்குகிறதென்று இறங்கி வந்து ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதினால் வம்பு. அடுத்த கட்டிலில் என் நாத்தனார் விஜயலட்சுமி. சின்னசேலத்திலிருந்து சோறு கொண்டு போய்க் கூட இருந்தவள் நான். என் குழம்பைக் காசியம்மாளுக்கும் ஊற்றுவேன். "தண்ணி ஜாஸ்திக்கா" என்பாள். ஆனால் மிச்சம் வைக்கமாட்டாள்.

காலையில் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். ஜீவா என்கிற பையன், "நாங்க டாக்டருங்கம்மா" என்று சொல்லி அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பான்.

"கேட்டுச்சாடா?"

"சூப்பரா கேக்குதுடா!"

எல்லார் முகத்திலும் சிரிப்பு. "இன்னா சாமி எனக்கு?" என்று அவள் கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதீங்க" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

அந்தச் சிரிப்பை அவள் நம்பிவிட்டாள். "இத்தினி டாக்டருங்க சிரிச்சிக்கினே போறாங்க. பெரிய சீக்குன்னா சிரிப்பாங்களாக்கா? கெழங்கு புடுங்கற நேரம், நான் வூட்டுக்குப் போறேன்" என்று பையைக் கட்டினாள்.

அதே கூட்டத்துப் பெண் தேவிப்ரியா பையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"போவாதீங்கம்மா. நாங்க டாக்டர் இல்ல, படிக்கிற பசங்க. ஒங்க இதயத்துல வால்வு கெட்டுப்போயிருக்கு, ஆபரேஷன் பண்ணணும். அந்தச் சத்தத்தக் கேட்டுக் கத்துக்கத்தான் வந்துக்கினு இருந்தோம். பெரிய டாக்டர் ஒங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சோம்."

காசியம்மாள் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப நான் சாவறதக் கேட்டுட்டா இளிச்சீங்க?" என்றாள் காசியம்மாள்.

அந்தப் பெண் அழுதுவிட்டாள். பெரிய டாக்டரே வந்து படம் வரைந்து காட்டினார். ஆபரேஷன் செய்யாவிட்டால் இந்த இதயம் ரொம்ப நாள் தாங்காது என்றார். பிள்ளைகள்தான் சொல்லியிருப்பார்கள் என்று இவர் நினைத்திருந்தாராம். நல்ல கூத்து!

காசியம்மாள் மசியவில்லை. "நேத்து டாக்டருன்னாங்க, இன்னிக்கு இல்லன்றாங்க. நேத்து ஒண்ணும் இல்லன்னாங்க, இன்னிக்கு நெஞ்ச அறுக்கணும்ன்றாங்க. இதுல எத நம்பறது?" பஸ் ஏறிப் போய்விட்டாள்.

போன வாரம் மலைக்குப் போனேன். மரவள்ளிக் கொல்லையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் வழியில் உட்கார்ந்துவிட்டாள். உதடெல்லாம் நீலம். ஆபரேஷன் பேச்சை எடுத்தேன். "நீ டாக்டராக்கா? கம்னு டீயக் குடி" என்று வாயை அடைத்துவிட்டாள்.

இதைப் படிக்கிறவர்களில் வால்வு ஆபரேஷன் செய்துகொண்டு நன்றாக நடமாடுகிற பெண்கள் இருந்தால், கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறுங்கள். இறங்கி, மரவள்ளிக் காசியம்மாள் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். புத்தி சொல்ல வேண்டாம், கேட்கமாட்டாள். உங்கள் நெஞ்சில் இருக்கிற தழும்பைக் காட்டுங்கள். தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள்.