கல்யாணத்துக்கு வைத்த சிவப்பு வைன்

ராயப்பன் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வெள்ளைக்காரத் துரை பங்களாவின் பட்லர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விருந்தாளிகள் முன்னால் ஒரு சிவப்பு வைன் போத்தலை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றினார். அடியில் வண்டல் கிடந்தது. வண்டலில்தான் சத்து என்பது கள்ளுக்கடைப் பாடம். எல்லாரும் போனபின் துரை அவருக்கு அதில் ஒரு வாய் குடிக்கக் கொடுத்தார். மண்ணை மென்றது போல இருந்தது.

பிறகு கற்றுக்கொண்டார். கள்ளு காலையில் தேன், மாலையில் புளிப்பு. வைன் இளசில் பச்சைப் பாக்கு மாதிரி நாக்கைப் பிடிக்கும். வருஷம் போகப் போகத் துவர்ப்பு வண்டலாக இறங்கும், நாவல்பழ நிறம் செங்கல் நிறத்துக்கு வரும். திறந்தவுடன் குடிக்கக்கூடாது. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் முதலில் புழுக்க வாடைதானே வரும்? காற்றுப் பட்டால்தான் மணம் எழும்பும். மறுநாள்வரை விட்டால் காடி.

துரை சீமைக்குத் திரும்பியபோது, ராயப்பனின் மகள் ஃபிளோரா கல்யாணத்துக்குத் திறக்கச் சொல்லி ஒரு போத்தல் கொடுத்தார். ராயப்பன் அதைப் பங்களாப் படிக்கட்டுக்கு அடியில் குளிர்ந்த மண்ணில் படுக்க வைத்தார்.

"ஆம்பள ஒருத்தன் குடிக்கிறதக் குடிக்காம பொத்தி வெச்சிருக்கிறத இந்தத் தோட்டத்துலதான் பாக்கலாம்" என்று மனைவி சவரியாயி சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும்.

அடுத்த வருஷம் அவசரகாலச் சட்டப்படி எல்லாரையும் முள்கம்பி வேலிக்குள் குடிவைத்தார்கள். பட்லர் குடும்பமும் பங்களா அறையைக் காலி செய்தது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குச் சாப்பாடு போகக்கூடாதென்று, கடைக்காரர்கள் டின்னில் ஓட்டை போட்டே விற்ற காலம். ஓட்டை போட்டதைப் பதுக்க முடியாது. கெடுவதற்குள் தின்றாக வேண்டும்.

ராயப்பன் போத்தலைத் துணியில் சுற்றி எடுத்துவந்தபோது வேலிக் கேட்டில் நின்றவன் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் மணியம். போன மாதம்வரை தோட்டத்தில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டியவன்.

"துணிக்குள்ள என்னாண்ணே?"

"வைன். பழைய தொரை கொடுத்தது."

"மூடியிருக்கே. தொறந்து கொண்டு போங்க."

"டேய், டின்னுக்குத்தான்டா சட்டம். இது இன்னும் அஞ்சாறு வருஷம் மூடியே கெடக்கணும்."

"அஞ்சாறு வருஷமா! அப்ப இதுதாண்ணே பதுக்கல். என் தொப்பி போயிரும் லா."

துப்பாக்கி துடைக்கும் கம்பியால் கார்க்கை உள்ளே தள்ளிவிட்டுத்தான் விட்டான். ராயப்பன் கட்டைவிரலால் போத்தல் வாயை அடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

"ஃபிளோரா கல்யாணம் போச்சு" என்றார்.

சவரியாயி பாயில் எழுந்து உட்கார்ந்தாள். "எங்க போச்சு? இன்னைக்கே வெச்சுக்குவோம்."

"பதினாலு வயசுப் பொண்ணுக்கா? மாப்பிள்ள யாரு?"

"யாரா இருந்தா என்னங்க, நான் பாக்கவா போறேன்?"

அவள் நெஞ்சு கெட்டுவிட்டது, வருஷம் தாண்டாது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் தன்னிடம் மட்டும்தான் சொன்னதாக ராயப்பன் நினைத்திருந்தார்.

அவர் போத்தலை ஆடாமல் நிறுத்தி வைத்தார். கலங்கியது இறங்கட்டும் என்று காத்திருந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டித் தேநீர்க் கிளாசில் கொஞ்சம் ஊற்றினார்.

"வெத்தல இல்லாம பாக்க மென்ன மாதிரி இருக்கு" என்று சவரியாயி முகத்தைச் சுளித்தாள். "இதுக்கா இத்தன காவல்?"

"இளசு. கொஞ்சம் பொறு, காத்துப் படட்டும்."

வெளியே ஊரடங்குச் சங்கு ஊதியது. அவள் மறுபடி ஒரு வாய் குடித்தாள். "இப்பப் பரவால்ல. பழ வாசன வருது." பிறகு ஃபிளோராவை அழைத்து மண்டியிடச் சொன்னாள். கோயிலுக்குப் புறப்படும் மணப்பெண்ணுக்குத் தாய் போடுவதுபோல, நெற்றியில் சிலுவை போட்டாள். ஃபிளோரா ஒன்றும் புரியாமல் சிரித்தாள். ராயப்பன் அவளுக்கும் ஒரு மிடறு கொடுத்தார்.

தவக்காலம் தொடங்குமுன் சவரியாயி போய்ச் சேர்ந்தாள்.

ஏழெட்டு வருஷம் கழித்து, நாடு சுதந்திரம் பெற்றதற்கு அடுத்த வருஷம் ஃபிளோராவுக்குக் கல்யாணம். வந்தவர்களுக்கு ஆரஞ்சு கிரஷ் கொடுத்தார்கள். கோயிலுக்குப் புறப்படும்போது, தாய் இடத்தில் நின்று சிலுவை போட ராயப்பனின் தங்கை முன்னால் வந்தாள்.

"வேணாம்மா" என்றார் ராயப்பன். "அவ அம்மா போட்டாச்சு."

தன் பங்குக்கு மட்டும் போட்டுவிட்டு, மகளை லாரியில் ஏற்றிவிட்டார்.